கடலைக் காயப் போட முடியாது

இறால் பண்ணைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் பத்து நிமிஷம் தண்ணீரைப் பற்றியே ஓடும். உப்பு எவ்வளவு, பி.எச். எவ்வளவு, விடியற்காலையில் ஆக்சிஜன் எத்தனைக்கு இறங்கியது, தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் எத்தனை ஓடுகிறது. அடிமண்ணைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அடி கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த அடி கெட்டுப்போவதில்தான் ஆர்வம். மீனோ இறாலோ சிப்பியோ எதை வளர்த்தாலும், தின்றது போக மிச்சமும் கழிவும் கீழே இறங்குகின்றன. கீழே அதை வாங்கிக்கொள்வது பாக்டீரியாக்கள். அவை என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் மேலே இருக்கிற தண்ணீரும் பண்ணையும் நிலைக்கின்றன.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பழையகாயல் பக்கம். தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயலுக்குக் கொஞ்சம் மேற்கே. 1986 வரைக்கும் தூத்துக்குடியும் அந்தக் கரையும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. மாவட்டம் பிரிந்தாலும் எங்கள் வீட்டுப் பேச்சில் எல்லாம் இன்னும் ஒரே சீமைதான். அத்தான் அங்கே வெனாமி இறால் வளர்க்கிறார். நான் பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் உட்கார்ந்திருப்பவன். ஆகையால் பண்ணைக்குப் போனால் கை சும்மா இருக்காது.

அறுவடை முடிந்து தண்ணீர் வடித்த குட்டையில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கழிவு எல்லா இடத்திலும் ஒன்றுபோலக் கிடக்காது. ஏரேட்டர் தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றி எல்லாவற்றையும் நடுவில் ஒதுக்கியிருக்கும். அந்த நடு இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, மெதுவாக உருவி எடுத்தேன். மேலே பழுப்பில் ஒரு மெல்லிய தோல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு விரற்கடை கனம். அதற்கும் கீழேதான் உண்மையான சாம்பல் நிற மண். கறுப்பில் கொஞ்சத்தை எடுத்து வெள்ளைத் தட்டில் வழித்து வைத்தேன். அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைப் போய் சாப்பிடுற தட்டுலயா வைப்பாவ?" என்று சத்தம் போட்டாள். சாயங்காலம் பார்த்தால் தட்டில் இருந்த சேற்றின் மேற்பரப்பு பழுப்பாகிவிட்டது. விரலால் கீறினால் உள்ளே பழைய கறுப்பு.

அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. வாடை ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் பட்டதும் பழுப்பானது, இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்ததால். குட்டைக்குள்ளும் கடலுக்குள்ளும் நடக்கிற மொத்தக் கதையும் அந்தத் தட்டிலேயே இருந்தது.

ஒரு கன சென்டிமீட்டர் கடற்சேற்றில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கும். எல்லாவற்றுக்கும் சாப்பாடு ஒன்றுதான், மேலிருந்து விழுகிற கரிமப் பொருள். ஆனால் அதை எரிக்க ஏதோ ஒன்றைச் சுவாசிக்க வேண்டுமே. ஆக்சிஜனைச் சுவாசித்தால் அதிக சக்தி கிடைக்கும், அதனால் அது முதலில் தீரும். சேறு படிந்த கரையோரக் கடலடியில் ஆக்சிஜன் மேலே சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அடுத்து நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு, அதன் பிறகு சல்பேட். சல்பேட்டைச் சுவாசிக்கிற கூட்டம் வெளியே விடுவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் அதே லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 6 மில்லிகிராம்தான். ஆக்சிஜன் தீர்ந்தாலும் சல்பேட் தீராது.

நம் வயலிலும் சேறு கறுக்கும். தண்ணீர் கட்டி, தாளை மடக்கி உழுத வயலில் கால் வைத்தால் குமிழி குமிழியாக வரும். அது மீத்தேன். ஆற்றுத் தண்ணீரில் சல்பேட் சொற்பம், ஆகையால் கடைசி வரிசையில் நிற்கிற மீத்தேன் கூட்டத்துக்கு அங்கே வாய்ப்புக் கிடைக்கிறது. கடலிலோ சல்பேட் கூட்டம்தான் ராஜா.

கடலடியில் சல்பைடு இருப்பதே நோய் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் பண்ணையும் இல்லாத கரையோரச் சேற்றிலும் கரிமப் பொருளில் பாதி வரைக்கும் இந்த வழியில்தான் மக்குகிறது. உண்டாகிற சல்பைடு மேலே ஏறி வரும்போது, வாசலில் காத்திருக்கிற வேறு பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துத் திரும்ப சல்பேட்டாக்கிவிடும். வரவும் செலவும் சரியாக இருக்கும் வரை மேலே ஒன்றும் தெரியாது. பண்ணை போட்டால் வரவு கூடுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு கூடுகிறது என்பதில்தான் எல்லாம்.

குட்டையில் கூடினால் அதற்கு ஒரு வழி உண்டு. பிசான அறுப்பு முடிந்ததும் கோடை உழவு போட்டு வயலை வெயிலில் விடுகிறோமே, அதையேதான் அத்தானும் செய்கிறார். கருஞ்சேற்றை வழித்து எடுத்துவிட்டு, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும் வரை காயப் போடுகிறார். வெடிப்பு வழியே காற்று இறங்குகிறது, சல்பைடு சல்பேட்டாகிறது, கறுப்பு பழுப்பாகிறது, ஆக்சிஜன் சுவாசிக்கிற கூட்டம் திரும்பி வருகிறது. சுண்ணாம்பு போட்டு உழுதுவிட்டு அடுத்த குஞ்சை விடலாம். வழித்த சேறு எங்கே போகிறது என்பது வேறு கேள்வி. பல இடங்களில் அது பக்கத்து ஓடையில்தான் போய் விழுகிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டதும், 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு என்று தனிச் சட்டமும் ஆணையமும் வந்ததும் இப்படி வெளியேறுகிற கழிவையும், உப்பேறிப்போன நிலத்தையும் கிணற்றையும் வைத்து எழுந்த சண்டையில்தான்.

சரி, இதே வளர்ப்பைக் கடலுக்குள் கொண்டுபோனால்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2007இல் விசாகப்பட்டினத்தில் திறந்த கடலில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்த்துப் பார்த்தது. 2010இல் மண்டபத்தில் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். 2020இல் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்த பிறகு கூண்டுக்கு மானியம், வங்கிக் கடன் என்று பேச்சு கரையெல்லாம் பரவிவிட்டது. அத்தானுக்கும் ஆசை. "குட்டைன்னா வைரஸ், கரண்ட் பில்லு, ஏரேட்டர். கடல்னா கடலே பாத்துக்கிடும்லா மாப்ளே" என்றார்.

கடல் எதைப் பார்த்துக்கொள்ளும்? தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும், அதில் சந்தேகம் இல்லை. கூண்டுக்குள் தண்ணீர் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். தின்னாத தீனியும் மீனின் எச்சமும் கூண்டுக்குக் கீழே இறங்கும். நீரோட்டம் நன்றாக இருந்தால் சிதறிப் போகும். ஓட்டம் மந்தமாக இருந்தால் கூண்டின் நிழலிலேயே குவியும். மிதவைத் தீனிக்குப் பதில் சங்காயத்தை, அதாவது விலை போகாத கழிவு மீனை, வெட்டிப் போட்டு வளர்த்தால் இன்னும் மோசம், ஏனென்றால் துணுக்கும் குடலும் கரைந்து அதிகம் வீணாகும். அந்தக் குவியல் மேல் பாக்டீரியா பெருகும்போது வாசல் காவல் உடைகிறது. ஆக்சிஜன் எல்லை மில்லிமீட்டரிலிருந்து மண்ணின் மேற்பரப்புக்கே ஏறி வருகிறது. சல்பைடு தண்ணீருக்குள் கசியத் தொடங்குகிறது.

அந்த நிலையில் கடலடியில் வெள்ளை வெள்ளையாகப் பாய் விரித்த மாதிரி ஒன்று தெரியும். பஞ்சு என்று நினைப்பீர்கள். பெக்கியாடோவா என்கிற இழைப் பாக்டீரியா அது. சல்பைடையும் ஆக்சிஜனையும் சேர்த்துப் பிழைப்பது, உடம்புக்குள் கந்தகத் துளிகளைச் சேமித்து வைப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. 1887இல் வினோகிராட்ஸ்கி இதை வைத்துத்தான், உயிரற்ற கனிமத்தை எரித்தே ஒரு உயிர் பிழைக்க முடியும் என்று முதன்முதலாகக் காட்டினார். வட ஐரோப்பியக் கூண்டுகளுக்குக் கீழே முக்குளிப்போர் இந்த வெள்ளையைக் கண்டாலே இடம் கெட்டது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் கடற்சேற்றை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கிற சல்பைடு, மேலே இருக்கிற ஆக்சிஜனைத் தொடாமலே எரிகிறது. நடுவில் இரண்டுமே இல்லாத வெற்று மண். 2012இல் விடை வெளிவந்தது. ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டு நிற்கிற இழைப் பாக்டீரியா. கீழ்முனை சல்பைடைத் தின்கிறது, மேல்முனை ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது, நடுவில் எலக்ட்ரான் ஓடுகிறது. மின்கம்பி என்றே பெயர் வைத்துவிட்டார்கள், கேபிள் பாக்டீரியா. சல்பைடு தண்ணீருக்குள் வராமல் தடுப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் மேல்முனைக்கு ஆக்சிஜன் வேண்டும். கழிவு குவிந்து அது தீர்ந்துவிட்டால் கம்பியால் ஆவது ஒன்றுமில்லை.

நைட்ரஜன் விஷயத்தில் நடக்கிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, வாடையும் அடிக்காது. என் கணக்கில் அதுதான் பெரிய இழப்பு. தீனியில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் இறாலின் உடம்பில் சேர்கிறது, மீனிலும் பெரும்பகுதி வெளியேதான் போகிறது. மண்ணுக்கு வரும் பங்கு அம்மோனியாவாகிறது. ஆரோக்கியமான மண்ணில் மேல் தோலில் ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். சில மில்லிமீட்டர் கீழே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். காசில்லாமல் நடக்கிற சுத்திகரிப்பு. புழுவும் நண்டும் தோண்டுகிற வளைகள் வழியே ஆக்சிஜன் உள்ளே இறங்குவதால் இந்த இரண்டு கூட்டங்களும் சந்திக்கிற பரப்பு இன்னும் பெருகும்.

கொஞ்சம் கழிவு கூடினால் இந்த வேலை கூடத்தான் செய்யும். இன்னும் கூடினால் சட்டென்று தலைகீழாகிறது. மேல் தோலில் ஆக்சிஜன் இல்லை, முதல் கூட்டம் செத்தது. அதற்கு சல்பைடும் விஷம். நைட்ரேட் உண்டாகாததால் இரண்டாவது கூட்டத்துக்கு வேலை இல்லை. வளை தோண்டுகிற புழுக்கள் போய்விட்டு, கெட்ட சேற்றிலும் தாக்குப்பிடிக்கிற கேப்பிடெல்லா மாதிரிச் சின்னப் புழு மட்டும் மிஞ்சும், கடைசியில் அதுவும் போகும். அம்மோனியா அப்படியே திரும்பத் தண்ணீருக்குள் வருகிறது, பாசிக்கு உரமாக. மண் கழிவை வாங்கிக்கொண்டிருந்த இடத்தில், இப்போது மண்ணே தண்ணீருக்குக் கழிவு தருகிறது. அருகில் கடற்புல் இருந்தால் அதன் வேருக்குள்ளும் சல்பைடு நுழையும். மத்தியதரைக் கடலில் கூண்டுகளுக்குப் பக்கத்தில் பொசிடோனியா கடற்புல் வெளிகள் கருகியது இந்த வகையில்தான்.

சிப்பி வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். முக்கால்வாசி உண்மை. தூத்துக்குடிக்கு இதில் பழைய பெருமை உண்டு. கொற்கை முத்து ஒருபக்கம் இருக்கட்டும், 1973இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில்தான் முத்துச்சிப்பியை வளர்த்து உருண்டை முத்து எடுத்தார்கள். அதே எழுபதுகளில் ஆளி என்கிற உண்ணும் சிப்பி வளர்ப்பும் தூத்துக்குடி விரிகுடாவில் சோதனையாக நடந்தது. ஆளிக்குத் தீனி போட வேண்டியதில்லை. தண்ணீரில் இருக்கிற மிதவைப் பாசியை வடிகட்டித் தின்று வளரும், அறுவடை செய்யும்போது அதன் உடம்போடு நைட்ரஜனும் கரைக்கு வந்துவிடும். மீன் கூண்டோடு ஒப்பிட்டால் மண்ணுக்கு நேர்கிற கேடு பொதுவாகக் குறைவு.

ஆனால் ஆளி வடிகட்டுகிற எல்லாவற்றையும் விழுங்குவதில்லை. வேண்டாததைச் சளியில் உருட்டி வெளியே துப்பிவிடும். சும்மா விட்டிருந்தால் நீரோட்டத்தோடு எங்கோ போயிருக்கக்கூடிய துகள், உருண்டையாகி நேராகக் கீழே விழுகிறது. அளவோடு விழுந்தால் மண்ணில் அந்த நைட்ரஜன் சுத்திகரிப்பு வேகமாகும். ஆளியின் ஓட்டிலும் குடலிலும்கூட அதே வேலையைச் செய்கிற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அலையும் ஓட்டமும் இல்லாத மூலையில் ஆளி வளர்க்கும் சட்டங்களை நெருக்கிக் கட்டினால், தீனியே போடாமல் அடிமண்ணைக் கறுப்பாக்கிவிடலாம்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் விவாதிக்க அதிகம் இல்லை. தீனியோடு ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பகுதி உடம்பில் சேராமல் மண்ணுக்குப் போகும், அங்கே மாதக்கணக்கில் கிடக்கும். மண் பாக்டீரியாக்கள் மருந்து எதிர்ப்பு மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். நோர்வே 1987இல் மீனுக்கு ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டியது. தடுப்பூசி வந்த பிறகு உற்பத்தி பல மடங்கு பெருகியும் சமீப ஆண்டுகளில் ஒரு டன்னுக்கும் கீழேதான். நம் நாட்டிலும் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை பண்ணைகளில் தடை.

மருந்துக்குத் தடை வந்ததும் கடைகளில் அந்த இடத்தைப் பிடித்தது புரோபயாட்டிக் பாக்கெட், அதாவது நன்மை செய்யும் பாக்டீரியா என்று விற்கிற பொட்டலம். அத்தானுக்கு ஒரு கடைக்காரர் அடிமண்ணைச் சரிசெய்யும் என்று ஒரு பவுடரை அட்டைப்பெட்டிக் கணக்கில் தலையில் கட்டினார். வெல்லப்பாகில் ஊறவைத்து இரவில் தெளிக்கச் சொன்னார்கள். அடி மாறவில்லை, பணம் போனது. எல்லாப் புரோபயாட்டிக்கும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், நல்ல பேசில்லஸ் வகைப் பாக்டீரியா கழிவைக் கரைக்க உதவும். ஆனால் கன சென்டிமீட்டருக்கு நூறு கோடி பேர் குடியிருக்கிற ஊருக்குள் ஒரு பாக்கெட்டைக் கொட்டி ஆட்சியை மாற்ற முடியுமா? ஆக்சிஜன் இல்லாததால்தான் அந்த ஆட்சி வந்தது. அதைக் கொடுக்காமல் ஆளை மட்டும் மாற்றினால் வந்தவரும் தோற்றுப்போவார். கடலில் தெளித்தால் பாக்கெட் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பது தனி.

கடலடியைக் காயப் போட முடியாது. அங்கே இருக்கிற ஒரே வழி இடத்துக்கு ஓய்வு கொடுப்பது. நோர்வேயில் அறுவடைக்குப் பின் குறைந்தது இரண்டு மாதம் கூண்டிடத்தைச் சும்மா போட வேண்டும். அதோடு, பண்ணை ஓடும்போதே அடிமண்ணை அள்ளிப் பார்க்கிற கட்டாயச் சோதனையும் உண்டு. அந்தச் சோதனையில் பி.எச். மீட்டரும் மின்முனையும் ஒருபக்கம். இன்னொரு பக்கம் சேற்றின் நிறம், இளக்கம், குமிழி, அப்புறம் வாடை. ஆமாம், மோந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இப்போது மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்து எந்தக் கூட்டம் ஏறியது, எது இறங்கியது என்று படிக்கவும் செய்கிறார்கள். புழுக்கள் மாறுவதற்கு முன்பே பாக்டீரியாக் கூட்டம் மாறிவிடுவதால் எச்சரிக்கை சீக்கிரம் கிடைக்கும்.

அந்த ஊர்க் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து டிகிரி கூடினால் பாக்டீரியாவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மன்னார் வளைகுடாத் தண்ணீர் 28, 30 என்று கொதிக்கிறது, அதில் கரைகிற ஆக்சிஜனும் குறைவு. கழிவு சீக்கிரம் மக்கும், ஆக்சிஜனும் சீக்கிரம் தீரும். ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் ஓத நீர் வந்து அலசிவிட்டுப் போகும் என்று நம்ப முடியாது. அலசுவது காற்றும் நீரோட்டமும். இடிந்தகரை, உவரிப் பக்கம் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடல் போடுகிற ஆட்டத்தில் கழிவு நிற்காது, ஆனால் கூண்டும் நிற்காது. கூண்டு பத்திரமாக நிற்கிற அமைதியான இடத்தில் கழிவும் பத்திரமாக நிற்கும். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை தீவுகளின் மறைவில் அமைதி இருக்கிறது, ஆனால் அங்கே 21 தீவுகளோடு 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா, பவளமும் கடற்புல்லும்.

உவரியில் மீன்பிடித்து ஓய்ந்த ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன், சேறு கறுத்த இடம் கடலுக்குள் உங்களுக்குத் தெரியுமா என்று. "வலை மடியில ஒட்டிக்கிட்டு வர்ற சேறு சொல்லிரும்லா தம்பி. நாத்தச் சேறு வந்தா அந்தப் பக்கம் மறுநா மடி விட மாட்டோம். மணல்னா ஒரு மீனு, சேறுன்னா ஒரு மீனு, நாத்தச் சேறுன்னா ஒண்ணும் கிடையாது" என்றார். நோர்வேக்காரர் மோந்து பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணை இவர் சம்பளம் வாங்காமல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னைக் கேட்டால் நம் கரைக்கு முதலில் ஆளி, அதுவும் நெருக்காமல். மீன் கூண்டு வேண்டுமென்றால் ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்தில், சங்காயம் போடாமல், ஒவ்வொரு அறுவடைக்கும் பின் இடம் மாற்றிக் கட்டும் ஏற்பாட்டோடு. முதல் கூண்டு இறங்குவதற்கு முன்பே அந்த இடத்து மண்ணை எடுத்து, கறுப்பு எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். முன்பு எடுத்த மண் இல்லாவிட்டால் பிறகு எடுக்கிற மண்ணை எதோடு ஒப்பிடுவது? இதை அத்தானிடம் சொன்னேன். கூண்டு ஆசை இன்னும் போகவில்லை, ஆனால் விண்ணப்பத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேறு கணக்குப் போட ஆரம்பித்தார். "கூண்டுக்கு மானியம் கொடுக்கவன் அந்தப் பிளாஸ்டிக் குழாய்க்கும் கொடுப்பானா மாப்ளே?"